மனவடுவும் ஆளுமைக் கோளாறும்: சொல்லும் சிகிச்சையும்



மொழி மன்றத்தின் பொழிவு வரிசையில் உளச்சிகிச்சைக்கு என்ன இடம் என்னும் ஐயம் எழுதல் இயல்பே. நாம் மருத்துவர் அல்லர்; மொழியியல் பயின்றவர். ஆயினும் இங்கு எடுத்துக்கொண்ட சிகிச்சையில் கத்தி இல்லை. அதற்கென்றே அமைந்த மாத்திரையும் இல்லை. ஒருவர் சொல்கிறார், மற்றொருவர் கேட்கிறார். கேட்டவர் சொல்கிறார், சொன்னவர் மீண்டும் சொல்கிறார். கருவி முழுவதும் மொழியே. அக்கருவி எவ்வாறு இயங்குகிறது என்று ஆராய்வது மொழியியலாருக்குப் புறம்பான செயல் ஆகாது. மேலும் போர்டிக்சன், லுக்குட், லிங்கி, ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் நம் மாணவர் வீட்டில் தமிழிலும், இடைநிலைப்பள்ளியிலும் கிளினிக்கிலும் மலாயிலும் பேசுகின்றனர். அழுகை ஒரு மொழியிலும் அதற்கான விளக்கம் வேறொரு மொழியிலும் நிகழ்கின்றன. இடையில் நழுவிப்போவது யாது என்பதே இப்பொழிவின் கவலை.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். மனநல மருத்துவத்தில் இன்று வழங்கும் இரண்டு நோய்ப்பெயர்கள் நமக்கு வேண்டும். ஒன்றைத் தமிழில் ‘எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு’ என்றும் ‘விளிம்புநிலை ஆளுமைக் கோளாறு’ என்றும் எழுதுகின்றனர். மற்றொன்று ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு’. இரண்டும் மொழிபெயர்ப்புகள், இரண்டும் சிக்கலானவை.

‘ஆளுமை’ என்னும் சொல் தமிழில் புகழ்ச்சொல். ‘இலக்கிய ஆளுமை’, ‘மாபெரும் ஆளுமை’ என்று இரங்கல் கூட்டங்களில் கேட்கிறோம். ‘ஆள்’ என்னும் வேரோ தன்னையும் பிறரையும் ஆளுதலைக் குறிப்பது. ஆகவே ‘ஆளுமைக் கோளாறு’ என்று ஒரு மாணவியின் தாயிடம் சொன்னால், ‘உன் மகளுக்குத் தன்னை ஆளத் தெரியவில்லை, குணமே கெட்டது’ என்று அவர் செவியில் விழும். ‘விளிம்புநிலை’ என்பதோ சமூகத்தில் ஒடுக்கப்பட்டோரைக் குறிக்கும் சொல்லாகத் திறனாய்வில் நிலைபெற்றுவிட்டது. அதனை நோய்க்கும் இடுவது இரட்டைக் குழப்பம். ‘எல்லைக்கோடு’ என்பதும் நிறைவன்று. தேர்வில் எல்லைக்கோட்டில் தேறினான் என்பதுபோல் ‘கொஞ்சமாக உள்ள நோய்’ என எண்ணத் தோன்றும். உண்மையில் 1938இல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்னும் அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர், நரம்புத்தளர்ச்சி வகை நோய்களுக்கும் சித்தப்பிரமை வகை நோய்களுக்கும் நடுவே நின்ற நோயாளரைக் குறிக்க இப்பெயரை ஆண்டார். அந்தக் கொள்கை போயிற்று. பெயர் மட்டும் நின்றது. குறைகள் இருப்பினும் ‘எல்லைக்கோட்டு’ என்பதையே இங்கு ஆள்வோம்.

மற்றதில் ‘மன அழுத்தம்’ என்பது தொல்லை தருகிறது. நாளிதழ்களில் அச்சொல் மனச்சோர்வு நோய்க்கும் வருகிறது, வேலைப்பளுவுக்கும் வருகிறது. ஈழத் தமிழர் இவ்விடத்தில் நம்மினும் தெளிவாக நடந்துள்ளனர். அங்கு அழுத்தத்திற்கு ‘நெருக்கீடு’ என்கின்றனர். ஆலோசனைக்கு ‘உளவளத்துணை’ என்கின்றனர். பேரதிர்ச்சியால் உள்ளத்தில் நேரும் சேதத்திற்கு ‘மனவடு’ என்கின்றனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம், போர்க்காலத்தில் தமிழில் எழுதிய நூலுக்கு ‘மனவடு’ என்றே பெயரிட்டார். கலைச்சொல் குழுவொன்று கூடி ஆக்கிய சொல்லன்று அது; குண்டு விழுந்துகொண்டிருந்த ஊரில், நோயாளர்க்கும் தொண்டர்க்கும் உடனே விளங்கவேண்டி எழுந்த சொல்.

அச்சொல்லில் ஒரு நுட்பம் உண்டு. கிரேக்க மூலச்சொல் ‘புண்’ எனப் பொருள்படும். ‘வடு’ என்பதோ புண் ஆறியபின் எஞ்சும் தழும்பு. தீயால் சுட்டதைப் புண் என்றும் நாவால் சுட்டதை வடு என்றும் வள்ளுவர் வேறுபடுத்தியது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்ததே. புண் ஆறும், வடு ஆறாது என்பது அவர் கணக்கு. இந்நோயை ஆராயும்போது நமக்குத் தோன்றுவது இதற்குச் சற்று மாறானது. இந்நோயாளர் உள்ளத்தில் இருப்பது இன்னும் வடு ஆகாத புண். தொட்டால் குருதி வரும். சிகிச்சையின் நோக்கம் அதனை மறையச் செய்வதன்று, வடுவாக ஆக்குவதே. தழும்பு இருக்கும், வலி இராது.

இனி நோய்களின் இயல்பு. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய நிலையில் நான்கு கூறுகளை மருத்துவர் கூறுவர். நடந்தது கனவாகவும் பட்டப்பகலில் காட்சியாகவும் மீண்டும் மீண்டும் வந்து மோதும். அதனை நினைவூட்டும் இடம், ஆள், மணம் எதனையும் மனம் ஒதுக்கும். தன்னைப் பற்றியும் உலகைப் பற்றியும் எண்ணம் கறுத்துப்போகும். உடல் எந்நேரமும் காவல் நிற்கும். கதவு தட்டினால் துள்ளும் பிள்ளையை ‘கவனம் இல்லை’ என்று குறிப்பேட்டில் எழுதுகிறோம். உண்மையில் அப்பிள்ளையின் கவனம் முழுவதும் கதவில் இருக்கிறது.

எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாற்றின் மையம் உணர்ச்சியின் கட்டின்மை. மற்றவர்க்குச் சிற்றலையாக வருவது இவர்க்குப் பேரலையாக வருகிறது. விரைவில் எழுகிறது, மெல்ல அடங்குகிறது. கைவிடப்படுவோம் என்னும் தீராத அச்சம், நேற்றுத் தெய்வமாகப் போற்றிய தோழியை இன்று பகைவியாகக் காணுதல், தான் யார் என்பதில் தெளிவின்மை, உள்ளே ஒரு வெறுமை, தாங்க இயலாத கணத்தில் தன்னையே காயப்படுத்திக்கொள்ளுதல் ஆகியன அடையாளங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு ஒன்பது அடையாளங்களைக் குறித்து, ஐந்தேனும் இருப்பின் நோய் எனக் கொள்ளலாம் என்கிறது. ஒன்பதில் ஐந்து என்பதால் இந்நோயுடைய இருவர்க்கு ஒரேயோர் அடையாளம் மட்டுமே பொதுவாக இருக்கவும் கூடும். ஆசிரியர் ஒரு கட்டுரை படித்து வகுப்பில் நோய் கண்டுபிடிக்கப் புகுதல் கூடாது என்பதற்கு இதுவே போதிய காரணம். வளரிளம் பருவத்தில் மனநிலை மாறுவது பெரும்பாலும் பருவத்தின் இயல்பே.

இவ்விரு பெயர்களும் ஒரே ஆண்டில், 1980இல், அக்கையேட்டின் மூன்றாம் பதிப்பில் இடம்பெற்றன. இரண்டும் ஒருவரிடமே கூடி வருவது அரிதன்று. அமெரிக்காவில் பொதுமக்களிடம் எடுத்த பெரியதோர் ஆய்வில், எல்லைக்கோட்டுக் கோளாறு உடையோரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர்க்கு மனவடு நோயும், மனவடு நோய் உடையோரில் ஏறத்தாழ 24 விழுக்காட்டினர்க்கு எல்லைக்கோட்டுக் கோளாறும் இருந்தன. மருத்துவமனைக்கு வருவோரிடத்து இக்கலப்பு இன்னும் மிகுதி. இளமையில் வீட்டுக்குள்ளேயே நேர்ந்த கொடுமை இரண்டிற்கும் பொது வேராக அமைவது பலரிடம் காணப்படுகிறது, எல்லாரிடமும் அன்று. ‘இந்நோய் வந்தால் வீட்டில் ஏதோ நடந்திருக்கும்’ என்று பெற்றோரைக் குற்றக்கூண்டில் நிறுத்துவது அறிவும் அன்று, அறமும் அன்று.

1980 என்னும் ஆண்டைத் தோட்ட வரலாற்றோடு வைத்துப் பார்த்தல் வேண்டும். சயாம்–பர்மா மரண ரயில் பாதை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து, நெகிரி செம்பிலானிலிருந்தும், பல்லாயிரம் தமிழர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலில் அதனைப் பதிந்தார். மீண்டு வந்தவர் லயன் வீடுகளுக்குத் திரும்பினர், மறுநாள் பெரட்டுக்கு நின்றனர், பால்மரம் வெட்டினர். அவர்களுக்கு வந்த நோய்க்கு மருத்துவம் பெயரிட இன்னும் 37 ஆண்டுகள் இருந்தன. இரவில் அலறுபவனைப் ‘பேய் அறைந்தவன்’ என்றனர். ஊமையாக அமர்ந்தவனை ‘சயாம் போய் வந்தவன்’ என்றனர். மற்றவர் கள்ளுக்கடைக்குச் சென்றனர். இரண்டாவது பெயரைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். ‘சயாம் போய் வந்தவன்’ என்பதில் காரணம் சொல்லப்பட்டுவிடுகிறது, பழி இல்லை. மருத்துவம் பின்னாளில் இட்ட பெயரைவிட அது இரக்கமுடையது என்று நாம் கருதுகிறோம். இதற்கு எதிர்க்கோடியில் நிற்பது ‘தஞ்சோங் ரம்புத்தான்’. 1911 முதல் அவ்வூரில் இருக்கும் மருத்துவமனையின் இன்றைய பெயரில் ‘மகிழ்ச்சி’ என்னும் பொருளுடைய மலாய்ச்சொல் உண்டு. ஆனால் நம் பேச்சில் ஊர்ப்பெயரே வசையாகிவிட்டது. ‘தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பவேண்டியதுதான்’ என்னும் ஒரு சொற்றொடர், எத்தனை பேரை மருத்துவர் வாயிலை மிதிக்காமல் தடுத்திருக்கும் என்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

சிகிச்சைக்கு வருவோம். எல்லைக்கோட்டுக் கோளாறு தீராதது, இந்நோயாளர் மருத்துவரையே அலைக்கழிப்பர் என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. அதனை உடைத்தவருள் முதன்மையானவர் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷா லினஹன். அவர்தம் சிகிச்சைமுறையின் முதல் ஒப்பாய்வு 1991இலும் விரிவான நூல் 1993இலும் வெளிவந்தன. தாமும் இளமையில் இத்தகைய துன்பத்தோடு மருத்துவமனையில் அடைபட்டிருந்ததை 2011இல் அவர் வெளிப்படையாகக் கூறினார்.

அம்முறைக்குத் தமிழில் ‘இயங்கியல் நடத்தைச் சிகிச்சை’ என்பர். ‘இயங்கியல்’ என்றவுடன் மார்க்சிய நூல்கள் நினைவுக்கு வருதல் பொருத்தமே. எதிரெதிரான இரண்டு உண்மைகளை ஒருங்கே பிடித்து மேலெழும் சிந்தனை இரண்டிடத்தும் ஒன்றே. இங்கு அவ்விரு உண்மைகள்: ‘நீ இப்போது இருக்கும் நிலையில் உன்னை ஏற்கிறேன்’, ‘நீ மாறியாக வேண்டும்’. முன்னதை மட்டும் சொன்னால் நோயாளர் அங்கேயே நிற்பார்; பின்னதை மட்டும் சொன்னால் எழுந்து போய்விடுவார். வாரத்திற்கு ஒருமுறை தனியாகப் பேச்சு, ஒருமுறை குழுவாகத் திறன் பயிற்சி, நெருக்கடியில் சிகிச்சையாளரைத் தொலைபேசியில் அழைத்துத் துணை பெறுதல், சிகிச்சையாளர்கள் தமக்குள் கூடிக் கலந்துபேசல் என ஏறத்தாழ ஓராண்டு நடைபெறும். முன்னுரிமை தெளிவானது: உயிரைக் காப்பது முதலில்; சிகிச்சை தடைப்படாமல் காப்பது அடுத்து; வாழ்க்கைத் தரம் அதன்பின்.

திறன் பயிற்சியில் ஒன்று உணர்ச்சிக்குப் பெயரிடுதல். ‘ஒரு மாதிரி இருக்கு’ என்பதிலிருந்து ‘அவமானமாக இருக்கிறது’ என்பதற்கு வருதலே ஒரு மருத்துவம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உணர்ச்சிகளை எட்டாகப் பகுத்து, ஒவ்வொன்றும் எவ்வெவற்றால் பிறக்கும் என நான்கு நான்கு நிலைக்களங்களும் கூறினார். வெகுளி பிறக்கும் இடங்களாக அவர் கூறுவன உறுப்பைச் சிதைத்தல், குடியைக் கெடுத்தல், அடித்து அலைத்தல், கொலை. கொடுமைக்கு உள்ளானவர் சினத்திற்குக் காரணம் தேடும் நம் ஆசிரியர்க்கு இந்தப் பட்டியல் புதியதாகத் தோன்றாது. மெய்ப்பாட்டியல் மனநல நூல் அன்று. அங்ஙனம் பெருமை பேசுவதும் தேவையில்லை. ஆனால் உணர்ச்சியைக் கண்டு, பெயரிட்டு, காரணத்தோடு பொருத்தும் பழக்கம் நம் மொழிக்கு அயலானதன்று என்பதற்கு அது சான்று.

லினஹன் கூறும் மற்றொரு கருத்து, மிகுந்த உணர்ச்சியோடு பிறந்த குழந்தை அதன் உணர்ச்சியை மறுக்கும் சூழலில் வளரும்போது நோய் உருவாகிறது என்பது. ‘இதுக்குப் போய் அழுவாங்களா?’, ‘சும்மா நடிக்காதே’, ‘உனக்குத் திமிரு’ என்னும் மூன்று தொடர்களை நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் நாள்தோறும் கேட்கலாம். இவை வசைகள் அல்ல என்றே சொல்பவர் எண்ணுகிறார். கேட்கும் பிள்ளையோ தன் உள்ளம் தனக்குச் சொல்வதை நம்பக்கூடாது என்று கற்றுக்கொள்கிறது.

இந்தச் சிகிச்சை எல்லைக்கோட்டுக் கோளாற்றுக்கு உதவியது. ஆனால் மனவடுவும் உடன் இருந்தவர்க்கு? இங்குத்தான் நெடுநாள் ஒரு வழக்கு நடந்தது. மனவடுவுக்குத் தேர்ந்த சிகிச்சை, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் எட்னா ஃபோவா வகுத்த நீள்வெளிப்பாட்டு முறை: நடந்ததை விரித்துச் சொல்லுதல், அச்சத்தால் ஒதுக்கியவற்றைப் படிப்படியாக அணுகுதல். தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் ஒருவரிடம் இதனைச் செய்தால் உயிருக்கே இடர் வரும் என மருத்துவர் அஞ்சினர். ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய நூலில் முதலில் பாதுகாப்பு, அடுத்து நினைவுகூர்தலும் துக்கமும், பின்னர் மீண்டும் உறவில் இணைதல் என மூன்று படிகளைக் கூறினார். அறிவுடைய வரிசைதான். நடைமுறையில் என்ன நேர்ந்தது எனில், பலர் முதற்படியிலேயே ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டனர். ‘இன்னும் நீ ஆயத்தமாகவில்லை’ என்னும் விடையே கிடைத்தது. ஆயத்தமாக இயலாமைக்குக் காரணமே அந்த ஆறாத புண் என்றால், நோயாளர் எந்தப் பக்கம் போவார்?

மெலனி ஹார்னெட் என்னும் உளவியலாளர் இவ்விரு முறைகளையும் ஒன்றாகப் பிணைத்தார். முதலில் இயங்கியல் சிகிச்சை. உடனடித் தற்கொலை இடர் நீங்கி, இரண்டு மாதங்களேனும் தன்னைக் காயப்படுத்தாதிருந்து, கடும் உணர்ச்சியை ஓடி ஒளியாமல் தாங்கவும் கற்று, ‘இதனை இப்போது தீர்க்க வேண்டும்’ என்று நோயாளரே விரும்பினால் வெளிப்பாட்டுச் சிகிச்சை தொடங்கும். இயங்கியல் சிகிச்சையும் உடன் நடக்கும். ஆக, ‘ஆயத்தம்’ என்னும் மங்கலான சொல்லுக்கு அவர் அளவுகோல் தந்தார். 2014இல் வெளியான ஆய்வில் 26 பெண்கள் பங்குகொண்டனர். வெளிப்பாட்டை முடித்தவர்களிடம் மனவடு நோய் நீங்கியது மிகுதி. தற்கொலை முயற்சி கூடவில்லை, குறைந்தே இருந்தது. 26 என்பது சிறிய எண். ஆயினும், புண்ணைத் தொட்டாலே உயிர் போகும் என்னும் அச்சத்தை அது தளர்த்தியது.

ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் மார்ட்டின் போஹுஸ் குழுவினர் வேறொரு கலவையை உருவாக்கினர். 2020இல் வெளியான அவர்கள் ஆய்வு பெரிது: குழந்தைப் பருவக் கொடுமையால் மனவடு நோயும் எல்லைக்கோட்டுக் கோளாற்றின் அடையாளங்களும் உற்ற 193 பெண்கள். ஒரு பாதியினர்க்கு இக்கலவைச் சிகிச்சை. மறுபாதியினர்க்கு, பழி எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் அறிதல்வழிச் செயலாக்கச் சிகிச்சை. இரண்டாலும் நன்மை விளைந்தது. கலவைச் சிகிச்சையில் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் நோய் அடையாளம் நீங்கினர், மற்றதில் 41. இடையில் விலகியவர் முன்னதில் 26 விழுக்காடு, பின்னதில் 39. படிநிலை வரிசையே தேவையா, நேராகப் புண்ணுக்குப் போகலாமா என்னும் வழக்கு இன்னும் முடியவில்லை. நெதர்லாந்தின் ஆட் டி யாங் முதலியோர் நீண்ட முன்னேற்பாட்டுக்குப் போதிய சான்றில்லை என்கின்றனர்.

இப்போது நம் துறைக்குரிய இடம் வருகிறது. அது காலம்.

மனவடு நோயில் பழுதுபடுவது நினைவன்று, நினைவின் கால இடைநிலை. தமிழ் வினையில் பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே ‘த்’, ‘ட்’, ‘ற்’, ‘இன்’ என ஒரு சிற்றெழுத்து நின்று, இது கடந்தது என்று அறிவிக்கிறது. அடித்தான் என்பதில் அந்த ‘த்’தை எடுத்துவிட்டுக் ‘கிறு’ வைத்தால் அடிக்கிறான். நோயாளரின் உள்ளத்தில் நேர்ந்துள்ளது இதுவே. இருபது ஆண்டுக்கு முந்தைய அடி இன்றும் ‘கிறு’வோடு நிற்கிறது.

சிகிச்சை முறைகள் இதனை வெவ்வேறு வழியில் அணுகுகின்றன. எட்னா ஃபோவாவின் முறையில் நோயாளர் கண்ணை மூடி, தன்மையில், நிகழ்காலத்திலேயே சொல்வார்: ‘நான் கதவருகில் நிற்கிறேன், அவர் வருகிறார்.’ ஒலிப்பதிவு செய்து வீட்டில் மீண்டும் மீண்டும் கேட்பார். நிகழ்காலத்தில் பலமுறை சொல்லச் சொல்ல, அது இறந்தகாலம் என்பது உடலுக்கே விளங்குகிறது. போஹுஸ் முறையிலோ ஒரு கால் அன்றைக்கும் மறு கால் இன்றைக்குமாக நிற்கப் பயிற்றுவர். அன்றைய காட்சியைச் சொல்லும்போதே கையில் குளிர்ந்த ஒரு பொருளைப் பற்றியோ எழுந்து நின்றோ இந்த அறையை உணர்வார். கதைகூறல் வெளிப்பாட்டு முறை என மூன்றாவது ஒன்று உண்டு. அதில் பிறப்பிலிருந்து இன்றுவரை வாழ்க்கையை வரிசையாகச் சொல்லி, கொடுமை நேர்ந்த இடத்திற்கு ஆண்டும் ஊரும் வைத்து எழுதுவர். இழந்த கால இடைநிலையை மீண்டும் பொருத்துதல் என்று அதனை நாம் அழைப்போம்.

இம்மூன்றாம் முறை தமிழ்க் குழந்தைகளிடமே சோதிக்கப்பட்டது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில், போரையும் அலையையும் கண்ட 31 சிறுவர் ஒரு முகாமில் இருந்தனர். ஒரு பகுதியினர்க்கு ஆறு அமர்வுகள் கதைகூறல். மறுபகுதியினர்க்கு ஆறு அமர்வுகள் தியானமும் தளர்வுப் பயிற்சியும். நடத்தியவர் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே. ஆறு மாதத்திற்குப் பின் முன்னவரில் 81 விழுக்காட்டினரும் பின்னவரில் 71 விழுக்காட்டினரும் தேறியிருந்தனர். இரண்டிற்கும் புள்ளியியல் வேறுபாடு இல்லை. 2009இல் வெளியான இவ்வாய்வு எல்லைக்கோட்டுக் கோளாறு பற்றியதன்று. சிறுவர் பற்றியது, சிறியது. எனினும், இச்சிகிச்சை தாய்மொழியில், வெளிநாட்டு நிபுணர் ஒவ்வோர் அறையிலும் இல்லாமல் நடக்க இயலும் என்பதை அது காட்டியது. மூச்சுப் பயிற்சி செய்த பிள்ளைகளும் ஏறத்தாழ அந்த அளவே தேறினர் என்பதை நம்மவர் மறந்துவிடக் கூடாது.

காலத்திற்கு அடுத்தது வினை. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் கற்பிக்கிறோம். ‘கெட்டாள்’ தன்வினை, ‘கெடுத்தான்’ பிறவினை. கொடுமைக்கு உள்ளான பெண்ணைப் பற்றி ஊர் சொல்வது ‘கெட்டுப்போனாள்’. அவ்வாக்கியத்தில் ஓர் எழுவாய்தான் உண்டு, அது அவள். செய்தவன் இலக்கணத்திலேயே இல்லை. பாலும் சோறும் தாமே கெடுவதுபோல் அவளும் கெட்டாள் ஆகிறாள். ஒரு தலைமுறைக்கு அவ்வாக்கியத்தைக் கேட்ட பெண், சிகிச்சை அறையில் ‘என் மேலதான் தப்பு’ என்று கூறுவதில் வியப்பு என்ன? அறிதல்வழிச் சிகிச்சை ‘சிக்கிய எண்ணம்’ என ஆராய்வது இதனையே. எழுவாயை மாற்றிச் சொல்லப் பழகுதல், ‘நான் கெட்டேன்’ என்பதிலிருந்து ‘அவர் எனக்குத் தீங்கு செய்தார்’ என்பதற்கு வருதல், அச்சிகிச்சையில் பல வார உழைப்பு.

இதற்கு மறுதலையாக, நம் மொழி நோயாளர்க்கு உதவும் இடமும் உண்டு. தமிழில் உணர்ச்சியை எழுவாயாக்கி, உணர்பவரை நான்காம் வேற்றுமையில் வைக்கிறோம்: எனக்குக் கோபம் வந்தது, எனக்கு அழுகை வருகிறது. நான் கோபம் அல்லேன். கோபம் என்னிடம் வந்த விருந்து, வந்தது போகும். இயங்கியல் சிகிச்சையில் உணர்ச்சியை அலையாக நோக்கு, அதுவே நீ என்று எண்ணாதே என்று பயிற்றுவிப்பதற்கு, ‘-கு’ உருபு வாயிலேயே ஆயத்தமாக இருக்கிறது. இதனைக் கெடுப்பது பெயராக்கம். ‘அவளுக்குக் கோபம் வருகிறது’ என்பதை ‘அவள் கோபக்காரி’ என்றும், ‘அவனுக்குப் பயமாக இருக்கிறது’ என்பதை ‘அவன் பயந்தாங்கொள்ளி’ என்றும் ஆக்கும்போது, போகவேண்டிய விருந்தினரை வீட்டுக்காரர் ஆக்கிவிடுகிறோம். ஆசிரியர்க்கு நாம் வைக்கும் விண்ணப்பங்களுள் இது எளியது: மாணவர் பற்றிய குறிப்புகளில் பெயரைத் தவிர்த்து வினையை எழுதுங்கள்.

மற்ற விண்ணப்பங்களையும் சொல்லிவிடுவோம். மனவடுவைத் தோண்டுவது பள்ளியின் பணி அன்று. ‘என்ன நடந்தது, முழுக்கச் சொல்’ என்று கட்டாயப்படுத்துவது, மேலே கூறிய ஆயத்தங்கள் ஏதுமின்றிப் புண்ணைப் பிரிப்பதாகும். மாணவர் தாமாகச் சொன்னால் கேட்க வேண்டும், நம்ப வேண்டும், ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று மட்டும் வாக்களிக்கக் கூடாது, ஏனெனில் பிள்ளைக்குத் தீங்கு நேர்கிறதெனில் சொல்லியாக வேண்டும். கையில் காயம் கண்டால் அதிர்ச்சியோ ஏளனமோ காட்டாமல், பிறர் முன்னிலையில் பேசாமல், ஆலோசக ஆசிரியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். ‘கவனம் ஈர்க்கச் செய்கிறாள்’ என்பார் உண்டு. கவனம் தேவைப்படுவதால்தானே ஈர்க்கிறாள் என்பதே நம் விடை. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்பவரும் உண்டு என்பது தெரியவரும்.

மருந்து பற்றி ஒரு சொல். எல்லைக்கோட்டுக் கோளாற்றுக்கெனத் தனி மருந்து இல்லை. உடன்வரும் மனச்சோர்வு முதலியவற்றுக்கு மருத்துவர் மருந்து தருவதுண்டு, அதனைத் தாமாக நிறுத்துதல் ஆகாது. நோயின் போக்குப் பற்றியும் நம்பிக்கை தரும் செய்தி உள்ளது. அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் மேரி ஜானரினி குழுவினர் 290 நோயாளரை 1992 முதல் தொடர்ந்து கவனித்தனர். பத்தாண்டுக்குள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நோய் அடையாளங்கள் நீங்கி, ஈராண்டேனும் அந்நிலையில் நீடித்தனர். வேலையும் உறவும் முழுமையாகச் சீரடைந்தவர் அவர்களுள் ஏறத்தாழப் பாதியினரே. அடையாளம் நீங்கியபின்னும் துணை வேண்டும் என்பது இதனால் தெரிகிறது.

நம் வட்டாரத்தில் வழி எவ்வாறு என்னும் வினாவுக்கு: அருகிலுள்ள அரசு கிளினிக்கில் முதலில் காட்டலாம், அங்கிருந்து சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவர். நாட்டின் பல நகரங்களில் மெந்தாரி என்னும் சமூக மனநல மையங்கள் உள்ளன. 15555 என்னும் எண்ணில் சுகாதார அமைச்சின் உதவித் தொலைபேசி இயங்குகிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்டிருந்த குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. ‘போலீஸ் வருமே’ என்று அஞ்சி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லாமல் வீட்டிலேயே மறைத்த குடும்பங்களுக்கு இச்செய்தி இன்னும் போய்ச் சேரவேண்டியுள்ளது; பள்ளிப் பெற்றோர் கூட்டங்கள் அதற்கு ஏற்ற இடம்.

கிளினிக்கில் பேச்சு மலாயில் நடக்கும். இரண்டாம் மொழியில் பேசும்போது உணர்ச்சி சற்று விலகி நிற்பது பலருடைய பட்டறிவு. சிலர்க்கு அது சொல்லத் துணிவு தருகிறது. சிலர்க்கு, சொன்னது தம்முடையதே அன்று என்பதுபோல் ஆக்கிவிடுகிறது. பாரம் மலாயில் நிரப்பப்படட்டும். ஆனால் உடன் செல்லும் ஆசிரியர், மாணவர் முதன்முதலாகத் தமிழில் சொன்ன அந்த வாக்கியத்தை, திருத்தாமல், எந்தக் காலத்தில் எந்த எழுவாயோடு சொன்னாரோ அவ்வாறே, ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் சேர்ப்பிக்கலாம். ‘அடிச்சாங்க’ என்றாரா, ‘அடிக்கிறாங்க’ என்றாரா என்பது அந்த அறையில் முதலில் தெரியவேண்டிய செய்தி.